அடுத்தவாரம் அங்கிளும் மழைக்காரரும்

ஜொகூர் பாருவில் நல்ல செய்தியைக் கேட்டு நடுங்கிய ஒரே மனிதர் எங்கள் அடுத்தவாரம் அங்கிள்தான். கெட்ட செய்தி எதுவும் அவரை அசைக்காது. சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல், தண்ணீர் வெட்டு, மோட்டார் சைக்கிள் திருட்டு, எதைச் சொன்னாலும் "அப்படியா, உக்காருமா" என்று துணியை மடித்துக்கொண்டே கேட்பார். "அங்கிள், ஒரு நல்ல செய்தி" என்று ஆரம்பித்தால் மட்டும் மடித்த துணி கையை விட்டு நழுவிவிடும்.

அவர் வேலை பார்த்த கடைக்குப் பக்கத்தில் நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், ஒரு நாள் "நல்ல செய்தி, நல்ல செய்தி" என்று மலாயில் கூவிக்கொண்டு ஓடி வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அங்கிள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "சபார், மக்சிக், சபார்" என்று பொறுமையாக இருக்கச் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் மக்சிக் பயந்துபோய் மகளுக்கே போன் போட்டு, நீ நன்றாகத்தானே இருக்கிறாய் என்று கேட்டார்.

நான் வாடகைக்கு இருந்த தாமான் குடியிருப்பில், கடை வரிசையின் கோடியில் ஒரு டோபி கடை இருந்தது. காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் கடை. அங்கிளுக்கு அங்கே என்ன வேலை என்பது முதலாளி தவுக்கேக்கே சரியாகத் தெரியாது. டோக்கன் மாற்றிக் கொடுப்பார், மடிப்பார், உலர்த்தும் இயந்திரத்துக்குள் தூங்கப் போகும் பூனையை விரட்டுவார். அறுபத்தைந்தைத் தாண்டிய ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் யாருடையதோ ஒற்றைக் காலுறை ஒன்று இருக்கும்.

பெயர் யாருக்கும் தெரியாது. நான் கேட்டிருக்கிறேன்.

"உங்க பேரு என்ன அங்கிள்?"

"அடுத்த வாரம் சொல்றேன்."

எல்லாவற்றுக்கும் அவரிடம் அதே பதில்தான். அதுவே பெயராகவும் நிலைத்துவிட்டது.

நான் முதன்முதலில் போன ஞாயிற்றுக்கிழமை, துணி உலர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஒரு பையன்மா. தனியா ஒரு ரயில் எஞ்சின் ஓட்டுறான். காணாமப் போன அப்பாவைத் தேடிப் போறான். பின்னால வெள்ளைக் கையுறை போட்ட ஒருத்தன் துரத்துறான்" என்று ஆரம்பித்தார். பையன் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறான், எதிரே ஒரு வெளிச்சம் வருகிறது. இயந்திரம் பீப் என்றது. அங்கிள் எழுந்து போய்விட்டார்.

"அங்கிள், அந்த வெளிச்சம் என்னா?"

"அடுத்த வாரம்."

கழன்ற கேஸ் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த ஞாயிறு, துவைக்க வேண்டிய அவசியமே இல்லாத இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். என்னைப் போலவே மக்சிக்கும் சுத்தமான மேசைத் துணியோடு வந்திருந்தார். பங்களாதேஷ் தொழிலாளி ஒருவர், போட்டிருந்த சட்டையைக் கழற்றி இயந்திரத்தில் போட்டுவிட்டு பனியனோடு கதை கேட்டார். தமிழில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி என்று கதை போகும். வெளிச்சம் வெறும் லாந்தர் விளக்கு. அதற்காகவா ஒரு வாரம் தூங்காமல் இருந்தோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குள் பையன் வேறொரு ஆபத்தில் மாட்டிக்கொண்டான், இயந்திரமும் பீப் என்றது.

ஒரு தடவை கதைக்கு நடுவில் கரண்டு போய்விட்டது. பீப் வரவில்லை. எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொண்டே போனார். கையுறைக்காரன் ரயில் கூரை மேல் ஏறிவிட்டான். அப்போதுதான் அங்கிளுக்கு உறைத்தது. "அலமாக், இது அடுத்த வாரத்துப் பாகம். எல்லாரும் மறந்துருங்க" என்றார். அடுத்த வாரம் அதையே ஒரு வார்த்தை மாறாமல் திரும்பச் சொன்னார். கையுறைக்காரன் கூரையில் ஏறியபோது நாங்கள் மூவரும் திடுக்கிட்டோம். நாங்கள் திடுக்கிடாவிட்டால் அவர் மேலே போகமாட்டார்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்பதும் பாகம் பாகமாகத்தான் தெரிந்தது. அவர் அப்பா பழைய பேப்பர் வாங்கும் 'பேப்பர் லாமா' வியாபாரி. அந்தக் காலத்தில் இங்கே வெள்ளைக்கார ராணுவக் குடும்பங்கள் இருந்த குடியிருப்பு ஒன்று அவருடைய வட்டாரம். அவர்கள் பிள்ளைகள் படித்துத் தூக்கிப் போட்ட ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்கள் வாரா வாரம் கட்டுக்கட்டாக வண்டியில் வரும். மறுநாள் காலை எடைக்குப் போய்விடும். இருக்கும் ஒரு சாயங்காலத்துக்குள் அங்கிள் அத்தனையையும் படித்துவிடுவார். ஒன்றைக்கூட எடுத்து வைத்துக்கொள்ள அப்பா விடவில்லை. எடை குறையுமாம்.

நல்ல செய்திப் பயமும் அங்கிருந்து வந்ததுதான். ஒரு படக்கதைப் பத்திரிகை விற்காமல் போனால் அதை மூடப் போகிறோம் என்று சொல்லமாட்டார்களாம். அட்டையில் கொட்டை எழுத்தில் 'வாசகர்களே, மகத்தான செய்தி உள்ளே' என்று போடுவார்கள். உள்ளே பார்த்தால், அடுத்த வாரத்திலிருந்து நம் பத்திரிகையும் இன்னொரு பத்திரிகையும் ஒன்றாகச் சேர்ந்து வரும் என்று இருக்கும். சேர்ந்து வரும்போது நம்முடைய கதை ஆட்களில் பாதிப் பேரைக் காணோம். கொஞ்ச நாளில் அட்டையில் இருந்த பெயரும் போய்விடும்.

"உயிரோட இருக்கிறப்பவே பாடை கட்டி, அதுல பலூன் தொங்கவிடுவானுங்கமா" என்றார் அங்கிள். "அதான் சொல்றேன், யாராச்சும் நல்ல செய்தின்னு சொன்னா, பையைத் தூக்கிட்டுக் கிளம்பத் தயாரா இரு."

கதைகளைவிட அவற்றை வரைந்தவர்கள் மேல்தான் அவருக்கு உயிர். அவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது. கையெழுத்துப் போட்டால்கூட ஆபீசில் வெள்ளை மை தடவி அழித்துவிடுவார்களாம். அதனால் சின்ன வயதில் இவரே பெயர் வைத்துக்கொண்டார். எல்லாருக்கும் பெரிய மூக்கு வரைந்தவர் மூக்குக்காரர். கதையின் முடிவில் எல்லாருக்கும் விருந்து போட்டவர் கத்திரிக்காய்க்காரர். ஏனென்றால் அந்த விருந்தில் வெள்ளையாக ஒரு குவியலும், அதில் குத்தி வைத்த நீள நீளமான ஏதோ ஒன்றும் இருக்கும். உருளைக்கிழங்கு மசியலில் சொருகிய சாசேஜ் அது என்று இவருக்கு யார் சொல்வது? சோற்றுக் குவியலில் கத்திரிக்காய் என்று முடிவுகட்டி, வெள்ளைக்காரன் சாப்பாடு வேண்டும் என்று அம்மாவிடம் அடம் பிடித்திருக்கிறார். அம்மாவும் சோற்றைக் குவித்து, வதக்கிய கத்திரிக்காயைச் சுற்றிலும் நட்டுக் கொடுத்தாராம்.

"நல்லா இருந்துச்சா அங்கிள்?"

"இப்பவும் அப்படித்தான் சாப்பிடுறேன்" என்றார்.

இவர்கள் எல்லாருக்கும் மேலே ஒருவர் இருந்தார், மழைக்காரர். ரயில் பையன் கதையை வரைந்தவர். அவர் வரைந்த கட்டத்தில் மழை பெய்யாமல் இருந்ததில்லை. ஒவ்வொரு துளியும் தனித்தனியாக விழும், குட்டையில் விளக்கு வெளிச்சம் நடுங்கும், பையனின் மழைக்கோட்டு மினுங்கும். "இங்க வெயில் மண்டையைப் பொளக்கும். அவர் பக்கத்தைத் திறந்தா எனக்குக் குளிரும்மா" என்று சொல்லும்போது அறுபத்தைந்தைத் தாண்டிய மனிதர் நிஜமாகவே தோளைக் குறுக்கிக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படக்கதையில் ஒவ்வொரு வாரமும் முதல் கட்டத்தில் 'இதுவரை நடந்தது' என்று நாலு வரி இருக்குமாம். அங்கிள் ஆட்களுக்கும் அதைச் செய்வார். நான் உள்ளே நுழைந்ததும், "இதுவரை நடந்தது. போன வாரம் இருமிக்கிட்டு வந்த. புது மேனேஜர் கத்துறான்னு சொன்ன. கோத்தா திங்கி வீட்டை அண்ணன் வித்துட்டான்னு சொல்லிட்டு, அழலன்னு சொன்ன" என்று ஒப்பிப்பார். விடியும் முன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்பி வந்து, ஒற்றை அறையில் தனியாகப் படுத்துக்கொண்டிருந்தவள் நான். அம்மா போன பிறகு, எனக்கு இதுவரை என்ன நடந்தது என்று ஞாபகம் வைத்திருந்தது உலகத்தில் அந்த ஒரு மனிதர்தான். அதற்காகவே நான் துண்டுகளைத் துவைத்துத் துவைத்து நூலாக்கினேன்.

ஒரு ஞாயிறு ரயில் உடைந்த பாலத்துக்கு வந்து சேர்ந்தது. பையன் பிரேக்கை இழுக்கிறான், அது பிடிக்கவில்லை. வழக்கம்போல் பீப் வந்தது. அங்கிள் எழுந்திருக்கவில்லை.

"அவ்வளவுதான்மா. இதுக்கு மேல எனக்கு வரல."

"என்னா வரல?"

"புத்தகக் கட்டு வரல. பட்டாளத்து ஆளுங்க ஊருக்குக் கிளம்பிட்டாங்க. குடும்பத்தோட கப்பல்ல போயிட்டாங்க."

ரயில் ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பாலத்தின் விளிம்பில் நிற்கிறது என்றதும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அவர் கவலை ரயிலைப் பற்றியது இல்லை.

"அந்தக் கடைசிப் பாகத்துல மழை இல்லம்மா. ஆறு ஓடுது, பாலம் உடைஞ்சு கெடக்கு, மேல வானம் காஞ்சு போயிருக்கு. பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு, வேற ஆள் கை. மழைக்காரருக்கு உடம்புக்கு என்னமோ ஆயிருச்சு."

அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த அங்கிள் சாப்பிடாமல் அழுதிருக்கிறார். அம்மா மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கியிருக்கிறார். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். பிள்ளை, "மழைக்காரர்" என்றான். நட்சத்திரம் கேட்டார். "வெள்ளைக்காரர் சாமி" என்றான். ஐயர் அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா சொன்னாங்க, 'அம்மன் பேருக்கே பண்ணிருங்க சாமி. யாருக்குன்னு அவளுக்குத் தெரியும்'னு." அங்கிள் ஒற்றைக் காலுறையை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பையில் வைத்தார். "அது பலிச்சுச்சா இல்லையான்னு மட்டும் தெரியலம்மா. அந்த மனுஷன் எழுந்து வந்து வரைஞ்சாரா? அது தெரிஞ்சாப் போதும். ரயில் எக்கேடோ கெடட்டும்."

அடுத்த ஞாயிறு கடைக் கண்ணாடியில் ஒரு பேனர் தொங்கியது. மலாயில், 'வாடிக்கையாளர்களுக்கு நல்ல செய்தி' என்று பலூன் படத்தோடு. பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய கிளையோடு இந்தக் கடை மாதக் கடைசியில் சேரப்போகிறதாம். அங்கே கார்டு தட்டினால் எல்லாம் தானாக நடக்குமாம், ஆள் தேவையில்லை. அங்கிள் பேனருக்கு அடியில் நின்று அமைதியாக மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒழுங்காப் படிங்க அங்கிள், அங்கயும் உங்களுக்கு ஏதாச்சும் வேலை இருக்கும்" என்றேன்.

"சேரும்போது பாதிப் பேரைக் காணோம்னு சொன்னேன்ல" என்றார். வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை, சின்ன வயதிலேயே அழுது முடித்துவிட்டார் போல.

அன்று வீட்டுக்குப் போய் இணையத்தில் தேட ஆரம்பித்தேன். பழைய படக்கதைகளுக்கென்றே இங்கிலாந்தில் ஒரு குழு இருந்தது. முழுக்க வயதான ஆண்கள். ஒரு புத்தகத்தைத் தைத்திருந்த கம்பி ஊசியில் ஏறிய துரு இயற்கையானதா இல்லையா என்று மாதக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போய், தனியாக ரயில் ஓட்டும் பையன், உடைந்த பாலம், அதற்கு அடுத்த வாரம் என்ன என்று கேட்டேன். எந்த வருஷம், எந்த அட்டை, எத்தனையாவது இதழ் என்று என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். எனக்கு ஒன்றுதான் தெரியும். எப்போதும் மழை பெய்யும் என்று எழுதினேன்.

ஒருவர் மட்டும் பதில் போட்டார். 'அவரா? அவர் பெயர் யாருக்கும் தெரியாது. நானும் என் தங்கையும் அவரைத் தூறல் என்று கூப்பிடுவோம்' என்று எழுதியிருந்தார். இதழ் பரண் மேல் பெட்டியில் இருக்கிறதாம். முழங்கால் வலியாம். அடுத்த வாரம் ஏறிப் பார்க்கிறேன் என்று முடித்திருந்தார். இந்தச் சாதி உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

கடையின் கடைசி ஞாயிறு காலை, அந்த இதழின் படங்கள் என் போனுக்கு வந்து சேர்ந்தன. நான் திறக்கவில்லை. திறக்கப் பயமாக இருந்தது. வானம் காய்ந்து கிடந்தால் என்ன செய்வது? ஐம்பது வருஷமாக ஒரு மனிதரைச் சாகவிடாமல் வைத்திருந்தவரிடம் போய் அதை எப்படிக் காட்டுவது? துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

"அங்கிள், ஒரு நல்ல..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ஒரு செய்தி."

"நல்லதா, கெட்டதா?"

"தெரியல."

"அப்பக் காட்டு."

கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், பிறகு இறக்கினார். நான் படத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரல்களால் படத்தைப் பெரிதாக்கி, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மெதுவாக நகர்த்தினார். இயந்திரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பேயுதும்மா" என்றார்.

நான் போனை எட்டிப் பார்த்தேன்.

"பேய் மழை பேயுது. பாரு, குட்டையில விளக்கு. அவர் கைதான் லா. எழுந்து வந்துட்டாரு. அம்மா பண்ணது பலிச்சிருக்கு."

அப்படியே வெளியே ஓடி, நாசி லெமாக் கட்டிக்கொண்டிருந்த மக்சிக்கிடம், "டியா சுடா சிஹாட்" என்றார். அவர் குணமாகிவிட்டார் என்று அர்த்தம். யார் குணமானது என்று மக்சிக் கேட்கவே இல்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, அங்கிள் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். நல்ல செய்தியை அங்கிள் அவராகவே போய் இன்னொருவருக்குச் சொன்னது என் கண் முன்னால் அந்த ஒரு முறைதான்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். "ரயில் என்னா ஆச்சு அங்கிள்?"

அப்போதுதான் அவருக்கே ரயில் ஞாபகம் வந்தது. இவ்வளவு நேரம் மழையை மட்டுமே பார்த்திருக்கிறார். போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் முதல் கட்டத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். புருவம் ஏறியது. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. கடைசிக் கட்டத்தைப் படித்து முடிக்கவும் இயந்திரம் பீப் என்றது. போனை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து, என் துண்டுகளை எடுத்து மடித்து, அழகாக அடுக்கிக் கொடுத்தார்.

"அடுத்த வாரம் சொல்றேன்" என்றார்.

கடை அன்று சாயங்காலம் மூடுகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரி அங்கிள்" என்றேன்.

இப்போது பெரிய கிளையில்தான் துவைக்கிறேன். சுத்தமான இடம், குளிர்சாதனம் உண்டு, திரையில் நன்றி என்று வருகிறது. ஒவ்வொருவரும் ஒரு மூலையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். நான் உள்ளே போனால், எனக்கு இதுவரை என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. தவுக்கேயைப் பிடித்து விசாரித்தேன். அங்கிள் மெர்சிங்கில், படகுத்துறைப் பக்கம் அண்ணன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார். பெயரும் நம்பரும் கேட்டேன். தன் போனில் தேடிக் காட்டினார். அதில் 'மிங்கு டெப்பான்' என்று இருந்தது. மலாயில் அடுத்த வாரம். அந்த நம்பரும் இப்போது உபயோகத்தில் இல்லை.

போன வாரம் கிழக்குக் கரையில் மழைக்காலம் தொடங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். மெர்சிங்கில் பேய் மழையாம், படகுகள் போகவில்லையாம். அவருக்குக் குளிருமே என்று தோன்றியது. அதற்கு மேல் வீட்டில் உட்கார முடியவில்லை, மாரியம்மன் கோயிலுக்குப் போனேன்.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். நான் விழித்தேன். நட்சத்திரமாவது சொல்லுங்கம்மா என்றார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"அம்மன் பேருக்கே பண்ணிருங்க சாமி" என்றேன். "யாருக்குன்னு அவளுக்குத் தெரியும்."

இந்த மாதிரி அர்ச்சனை பலிக்கும், அதற்கு என் போனில் அத்தாட்சி இருக்கிறது. அதில் பெய்யும் மழையை அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன். ரயில் பாலத்தைத் தாண்டியதா என்று மட்டும் நான் இன்னும் படிக்கவில்லை, அதை அங்கிள்தான் வந்து சொல்ல வேண்டும்.